முதல் போனில் கதை கேட்காதீர்கள்: மில் விடுதிப் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து துணை நிற்பது எப்படி

பல்லடம், அவினாசி, அன்னூர், பெருந்துறை, வெள்ளகோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஸ்பின்னிங் மில் காம்பவுண்டு வரும். உள்ளே ஒரு விடுதி இருக்கும். முன்பெல்லாம் அந்த விடுதிகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்ற சுமங்கலித் திட்டத்தில் வந்தவர்கள். இப்போது அதே கட்டில்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். நானே சின்ன வயதில் மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் நின்றவள். இன்றைக்கு வீட்டிலிருந்தே போனில் இந்தப் பிள்ளைகளோடு பேசுகிறேன். இந்தி பேச வரும். ஒடியா காதில் விழுந்து பழகியது.

சூப்பர்வைசரோ, கூட்டி வந்த ஏஜெண்டோ, சொந்தக்காரனோ, காதலிப்பதாகச் சொன்னவனோ பாலியல் கொடுமை செய்துவிட்டால் இந்தப் பிள்ளை நேரில் வந்து நம் முன்னால் உட்கார வழியில்லை. கேட்டைத் தாண்ட அவுட்பாஸ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனாலும் மில் வேன்தான், கூடவே வார்டன்தான். அவளுக்கு இருக்கும் ஒரே வழி போன். அதையும் சில விடுதிகளில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம்தான் தருகிறார்கள். ஆகவே போனில் பேசும் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சங்கத்து அக்காக்கள், சமூகப்பணி படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள், மில்லிலேயே வெல்ஃபேர் வேலை பார்க்கும் நல்ல மனசுக்காரர்கள் என்று சிலர் என்னிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எல்லாருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான். முதல் போனில் என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள். முதல் போனின் வேலை, இரண்டாவது போன் வருவதற்கு வழி செய்வது. அவள் பத்திரமாகப் பேசி, பத்திரமாக வைத்து, மறுபடியும் கூப்பிட மனம் வந்தால் அன்றைய வேலை முடிந்தது. இதற்கு ஒரே விலக்கு, சம்பவம் மூன்று நாளைக்குள் நடந்தது என்றால். அதைப் பின்னால் சொல்கிறேன்.

போனைத் தயார் செய்வது

தனி சிம் வாங்குங்கள். வீட்டு நம்பரில் இந்த வேலை செய்யவே கூடாது. வாட்ஸாப்பில் உங்கள் அமைப்பின் சின்னம், "கவுன்சிலர்" என்ற பட்டம் எதுவும் வேண்டாம். ஒரு பூப்படம் போதும். ட்ரூகாலரில் உங்கள் எண் என்ன பெயரில் வருகிறது என்று வேறொரு போனிலிருந்து போட்டுப் பாருங்கள். நாம் ஒன்றும் போடாவிட்டாலும், நம் எண்ணைச் சேமித்து வைத்த யாரோ ஒருவர் புண்ணியத்தில் "மகளிர் ஹெல்ப்" என்று திரையில் பளிச்சென்று வரும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் அதைப் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் வார்டன் காதுக்குப் போய்விடும்.

அவள் கையில் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முதல் வாரத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து கூட்டி வந்த ஏஜெண்டே தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுத்திருப்பான். அவன் நினைத்தால் அதை முடக்கிவிட்டு அதே எண்ணில் வேறு சிம் வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட எண்ணில் முக்கியமான எதையும் எழுத்தில் அனுப்பாதீர்கள். காதலன் வாங்கிக் கொடுத்த போன் என்றால் வாட்ஸாப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறு கருவி ஏதாவது இணைந்திருந்தால் அவள் எழுதுவதை அவன் அங்கே படித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். உடனே துண்டித்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். எப்போது துண்டிப்பது, துண்டிக்கலாமா வேண்டாமா என்பதை அவளோடு பேசி முடிவெடுங்கள். அதுவரை தோழியின் போன்தான் நல்லது.

எப்போது கூப்பிடுவது என்று ஷிப்டை வைத்துத்தான் பேச வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவளுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி நடுநிசி மாதிரி. "நாளைக்குப் பேசலாம்" என்று பொதுவாகச் சொல்லாமல், அடுத்த வாரம் எந்த ஷிப்ட், ரூமில் எத்தனை பேர் அதே ஷிப்ட், யார் இல்லாத நேரம் எது என்று கேளுங்கள். நான் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஆள் பெயர் எழுதாமல் ஒரு குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

நாமாகக் கூப்பிடக் கூடாது. அவள் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், நாம் திரும்பக் கூப்பிட வேண்டும். நடுவில் கட் ஆனாலும் அப்படித்தான். நமக்குப் பதற்றமாக இருக்கும், கை துறுதுறுக்கும். ஆனால் போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

முதல் இரண்டு நிமிடம்

எடுத்தவுடன் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள் மட்டும். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இப்போது பேசலாமா? எவ்வளவு நேரம் இருக்கிறது? அடிபட்டிருக்கிறதா? இப்போது அவன் அங்கே இருக்கிறானா? உயிருக்கு ஆபத்து என்றால் 112. அங்கே பேச்சை நிறுத்திவிட்டு அந்த வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு மறைவுக் கதையும் ஒரு குறிச்சொல்லும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் யார் என்று எவராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? தையல் கிளாஸ் அக்கா, சீட்டுப் பிடிக்கும் அக்கா, ரீசார்ஜ் கடை, எது அவள் வாயில் இயல்பாக வருமோ அது. கதையை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நாம் சொல்லிக் கொடுத்தால் தடுமாறுவாள். யாராவது திடீரென்று வந்துவிட்டால் "சம்பளம் இன்னும் வரலை" என்பாள். அதைக் கேட்டதும் நான் ஜாக்கெட் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். இதை ஒரு தரம் விளையாட்டாகப் பேசிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒத்திகையில்தான் முதல் தடவையாகச் சில பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சத்தத்தைக் கவனியுங்கள். குரல் எதிரொலித்தால் குளியலறையில் நிற்கிறாள், வெளியே வரிசை காத்திருக்கும், நேரம் குறைவு. காற்று இரைந்தால் மொட்டை மாடி. எதிரொலியும் இல்லை, காற்றும் இல்லை, குரல் மட்டும் தாழ்ந்திருக்கிறது என்றால் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிறாள், ரூமில் ஆள் இருக்கிறது. அப்போது நாம் பேச, அவள் 'ம்' கொட்டினால் போதும்.

வயது, ரகசியம்

இங்கேதான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். "எங்கிட்ட சொல்லு கண்ணு, யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை.

ஆதாரில் 19 என்று இருக்கும். அதை நம்பிவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் கொண்டுவருவது புதிதல்ல. "உனக்கு எத்தனை வயசு" என்று கேட்டால் ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்த பதில்தான் வரும். எத்தனாவது வரை படித்தாய், பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை துர்கா பூஜை ஆயிற்று, உன் தங்கை இப்போது என்ன படிக்கிறாள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் கணக்கு தெரிந்துவிடும்.

அவள் எதையும் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிடுவது இதுதான். இந்தியில் சொல்வேன், தமிழில் எழுதினால் இப்படி வரும்: "நீ சொல்றதை மில்லுலயோ உங்க ஊர்லயோ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு இன்னும் 18 ஆகாம, உன் உடம்புக்கு எவனாச்சும் கெடுதல் பண்ணியிருந்தா, அதை நான் சொல்லியாகணும். அது சட்டம். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். இதைக் கேட்டுட்டு, எதைச் சொல்லணும்னு நீ முடிவு பண்ணு."

இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். உண்மைதான். இந்தச் சட்டத்தில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் ஏற்கெனவே ஒருவனை நம்பி ஏமாந்தவளிடம், நாமும் ஏதோ சொல்லி வாங்கிவிட்டு அப்புறம் போலீசைக் கூட்டி வந்தால் அவள் ஜென்மத்துக்கும் இன்னொருத்தரை நம்ப மாட்டாள். வாயை மூடிக்கொண்டவளிடமும் தூக்கத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, தலைவலியைப் பற்றிப் பேசலாம். அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பெரும்பாலும் கொஞ்ச நாளில் அவளே சொல்வாள்.

18 தாண்டியவள் என்றால் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் முடிவு. நம் கோபத்தை அவள் தலையில் ஏற்றக் கூடாது.

மூன்று நாள் கணக்கு

என்ன நடந்தது என்பதற்கு முன்னால் எப்போது நடந்தது என்று கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் அன்றைக்கு மருத்துவமனைதான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் நன்றாக வேலை செய்யும். ஐந்து நாள் வரைக்கும் ஓரளவு பயன் உண்டு. அந்த நாட்கள் தாண்டிப் போயிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று அர்த்தமில்லை.

குளிக்காமல், துணியைத் துவைக்காமல் இருந்தால் சாட்சிக்கு நல்லது. ஆனால் முக்கால்வாசிப் பேர் கூப்பிடும்போது தேய்த்துத் தேய்த்துக் குளித்திருப்பார்கள். "அய்யோ, ஏன் குளிச்சே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பரவாயில்லை, அந்தத் துணி இருந்தா காகிதத்திலயோ துணிப்பையிலயோ போட்டு வை, பிளாஸ்டிக் கவர் வேண்டாம்" என்று சொன்னால் போதும்.

போலீஸ் புகார் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. அரசு, தனியார் எதுவாக இருந்தாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 397ஆம் பிரிவு. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு விரல் பரிசோதனை என்ற அநியாயத்தைச் செய்யக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அது ஜார்க்கண்டிலிருந்து போன வழக்கு. கோவை அரசு மருத்துவமனை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகிய மூன்றும் நம் பக்கத்துக்குக் கை எட்டும் தூரம். போனில் பேசும் நாம் கூடப் போக முடியாது. ஆகவே வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்து ஒரு பெண் பணியாளர் வர ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்கள் உதவி எண் 181 வழியாக அதைக் கேட்கலாம்.

கேட்பது எப்படி

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரிசை சொல்லியிருக்கிறது: காது கொடு, என்ன தேவை என்று கேள், அவள் சொல்வதை நம்புகிறேன் என்று காட்டு, பாதுகாப்பைக் கூட்டு, அடுத்த உதவியோடு சேர்த்துவிடு. நேரில் உட்கார்ந்து பேசுகிறவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. போனில் ஒரு பெரிய குறை, நாம் தலையாட்டுவது அவளுக்குத் தெரியாது. அவள் மூன்று வாக்கியம் பேசி நிறுத்தும்போது இந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால் போனை வைத்துவிட்டார்களோ, அசிங்கப்படுகிறார்களோ என்று நினைப்பாள். ஆகவே அவ்வப்போது "ம்... இருக்கேன்" என்று மெல்லச் சொல்லுங்கள். அவள் அழும்போதும் அதேதான். "அழாதே" வேண்டாம். "அழு கண்ணு, நான் இருக்கேன், வைக்க மாட்டேன்" போதும்.

விவரம் கேட்காதீர்கள். எங்கே, எப்படி, என்ன செய்தான் என்பதெல்லாம் நமக்குத் தேவையே இல்லை. அவள் அதை டாக்டரிடம், போலீசிடம், மாஜிஸ்திரேட்டிடம், கோர்ட்டில் என்று சொல்லிச் சொல்லிப் புண்ணாகப் போகிறவள். அந்த வரிசையில் நாமும் போய் நிற்க வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள். "ஏன்" என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் அவள் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். ஏன் அங்கே போனாய், ஏன் கத்தவில்லை, ஏன் அப்போதே சொல்லவில்லை. பயத்தில் உடம்பு அப்படியே உறைந்துபோகும், குரல் எழும்பாது. அது உடம்பின் இயல்பு, சம்மதமல்ல. இதை அவளுக்கு ஒரு தரம் நிதானமாகச் சொல்லிவிடுங்கள். "நான் சத்தமே போடலையே அக்கா" என்ற ஒரே நினைப்பு மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு.

நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இயல்பாக வரும் சில வார்த்தைகளை இந்த வேலையில் அடியோடு விட வேண்டும். "மறந்துரு சாமி." "ஒரு கல்யாணம் ஆச்சுன்னா எல்லாம் சரியாயிரும்." "வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தப்பு அவள்மேல்தான் என்று அவள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பதற்கு நாம் முத்திரை குத்துகிறோம்.

பிள்ளைகள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். தலை கனக்கிறது, வயிறு எரிகிறது, கை நடுங்குகிறது, மிஷினில் சைடு பார்க்கும்போது நூல் அறுந்தது கண்ணுக்கே தெரியவில்லை என்பார்கள். இதையெல்லாம் நடிப்பு என்று சூப்பர்வைசர் சொல்வான். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். எப்போதிலிருந்து தலை கனம், எப்போது குறைகிறது, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று.

மொழி

ஜார்க்கண்ட், மேற்கு ஒடிசாப் பிள்ளைகளில் பலருக்கு இந்தியே இரண்டாவது மொழி. வீட்டில் சந்தாலி, முண்டாரி, குடுக் பேசுவார்கள். தங்களுக்குள் சாத்ரி பேசிக்கொள்வார்கள். மில் தமிழ் வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. மொழிபெயர்ப்புக்குப் பெண்தான் வேண்டும். அதே மில்லைச் சேர்ந்தவளாகவோ அதே ஊர்க்காரியாகவோ ஏஜெண்டுக்கு உறவாகவோ இருக்கக் கூடாது. கான்பரன்ஸ் காலில் சேர்ப்பதற்கு முன் அவள் பெயரைச் சொல்லி, சம்மதமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பவர் பிள்ளை சொல்வதை "நான்" என்றே சொல்ல வேண்டும். "இவ என்னமோ சொல்றா" என்று சுருக்கக் கூடாது, ஆறுதலைத் தன் சார்பில் சேர்க்கவும் கூடாது. அழைப்பு முடிந்ததும் மொழிபெயர்த்த பெண்ணிடம் தனியாகக் கொஞ்சம் பேசுங்கள். அத்தனையும் அவள் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது. அவளுக்குக் கூலி கொடுங்கள், இலவசமாக வாங்காதீர்கள்.

நீங்களும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளலாம். இந்தியில் "தும்ஹாரி கல்தி நஹீ", ஒடியாவில் "துமர தோஷ நாஹி". உன் தப்பில்லை என்று அவள் மொழியில், கொச்சையான உச்சரிப்பில் ஒரு தமிழ் அக்கா சொல்வதற்கு ஒரு தனிப் பலன் இருக்கத்தான் செய்கிறது.

மூச்சு வாங்கினால்

பேசிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு மூச்சு இரைக்கும், பேச்சு நின்றுவிடும், நடந்தது திரும்ப இப்போதே நடப்பதுபோல் ஆகிவிடும். அப்போது கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் அவன் முகம்தான் வரும். கண்ணைத் திறந்து சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிற ஐந்து பொருள், தொடுகிற நாலு, கேட்கிற மூன்று, மோந்து பார்க்கிற இரண்டு, நாக்கில் ஒன்று என்று புத்தகத்தில் இருக்கும். நான் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை.

கேத்தனூர்ப் பக்கத்து விடுதி மொட்டை மாடியில் நின்று பேசிய ஒரு பிள்ளைக்கு ஒருநாள் இப்படி ஆனது. ஆள் தெரியாதபடி விவரத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். என்ன தெரிகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. காலில் செருப்பு இருக்கிறதா என்றேன். இல்லை என்றாள். தரை சூடா, ஜில்லென்று இருக்கிறதா? சூடு. பாதத்தை அழுத்தி ஊன்று, இன்னும் கொஞ்சம் அழுத்து. காத்தாடி தெரிகிறதா? அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள்தான். தெரிகிறது. எத்தனை? எண்ண ஆரம்பித்தாள், இந்தியில். ஏழாவதில் நின்றாள். ஏழாவது சுற்றவில்லை என்றாள். சரி, சுற்றுகிற ஒன்றைப் பிடி, ஒரு றெக்கை மேலே வரும்போது மூச்சை உள்ளே இழு, அது ஒரு முழுச் சுற்று சுற்றும் வரை வெளியே விடு. மூச்சு உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் இதில் சூட்சுமம். கொஞ்ச நேரத்தில் "அக்கா, கொடியில என் துணி காயுது, எடுக்கணும்" என்றாள். துணி ஞாபகம் வந்துவிட்டதென்றால் ஆள் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் வேறு எதுவும் பேசவில்லை.

விடுதிக்குள் என்றால் கட்டில் கம்பியின் குளிர்ச்சி, வாளித் தண்ணீரில் முகம் கழுவுவது, துப்பட்டாவின் ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டு போவது எல்லாமே உதவும். நடுங்காத நாளிலேயே இதைப் பழகி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாவைப் பற்றிப் பேச வேண்டி வந்தால்

நேராகக் கேளுங்கள். "செத்துரலாம்னு தோணுதா?" கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் அவளுக்கு ஒரு பாரம் இறங்கும். தோன்றுகிறது என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாளா, இன்றைக்கா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஆமாம் என்றால் போனை வைக்கக் கூடாது. இரண்டாவது போனில் 112 அல்லது 108. இதற்காகத்தான் எப்போதும் இன்னொரு போன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் நம்பும் ஒரு ரூம்மேட்டை எழுப்பி அவளருகில் உட்காரச் சொல்லுங்கள். "நான் சாக மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று வாங்குவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த ராத்திரியை யாரோடு கழிப்பாய், காலையில் எத்தனை மணிக்கு எனக்கு மிஸ்டு கால் கொடுப்பாய் என்ற பேச்சுதான் நிற்கும். இந்த நிலையில் நாம் மட்டும் தாங்கிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், பல மொழிகளில் ஆள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிக்கும் அந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

புகார், வெளியேறுவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வக்கீல் பார்த்துக்கொள்வார். 15100இல் இலவச சட்ட உதவி கிடைக்கும், நஷ்டஈடு கேட்கும் வழியும் அவர்களிடம்தான். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் வாக்குமூலம் வாங்கச் சீருடை இல்லாமல் வர வேண்டும், முடிந்தவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், பிள்ளை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். வேலையிடத்துச் சீண்டல் என்றால் 2013 சட்டப்படி மில்லில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். முதலாளிமேலேயே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

விடுதியை விட்டு வெளியேற நினைப்பவளுக்கு முதல் வேலை காகிதம். அசல் ஆதார் யாரிடம் இருக்கிறது? பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு? பிடித்து வைத்திருந்தால் போட்டோவாவது எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைக்கட்டும். சம்பளம் ஏறும் தேதி தாண்டிக் கிளம்புவது நல்லது, ஆபத்து அதுவரை பொறுக்கும் என்றால். ராத்திரியில் தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லாதீர்கள். பகலில், சேவை மையத்தின் ஆள் கேட்டுக்கு வந்து கூட்டிப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

நீங்கள்

ஒரே நாளில் நாலைந்து பிள்ளைகளோடு பேசிவிட்டு ராத்திரி சாப்பாட்டில் கை வைக்க முடியாது. வேலையைப் பங்கிட ஓர் ஆளும், பெயர் சொல்லாமல் மனசு விட்டுப் பேச அனுபவமுள்ள ஓர் ஆளும் வேண்டும். வீட்டுக்காரரிடம் இறக்கி வைக்காதீர்கள். ஊர் சின்னது.

அவள் ஊருக்குப் போகும்போது

கொஞ்ச நாளில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகப் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறி ரூர்கேலாவிலோ ராஞ்சியிலோ இறங்குவார்கள். ஊரில் யாருக்குச் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பதை ரயில் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கூட்டி வந்த ஏஜெண்ட் அதே ஊர்க்காரனாக இருந்தால் இது சாதாரண விஷயமில்லை. 181, குழந்தைகள் உதவி எண் 1098, 14416 எல்லாம் அங்கேயும் உண்டு. எழுதிக் கொடுக்க வேண்டாம், மனப்பாடமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வழக்கு இங்கே நடக்கிறது என்றால் எந்தத் தேதிக்கு வர வேண்டும், பயணச் செலவை யார் பார்ப்பது என்று அவளுடைய வக்கீலும், 18க்குக் கீழ் என்றால் குழந்தைகள் நலக் குழு நியமித்த துணை நபரும் அவளிடம் நேரடியாகப் பேசும்படி செய்யுங்கள். அங்கே அவள் மாவட்டத்துச் சேவை மையத்துக்குத் தகவல் அனுப்புவதென்றால் அவள் சம்மதத்தோடு, அவள் சரி என்று சொன்ன விவரத்தை மட்டும்.

ஊரில் சிக்னல் கிடைக்காது, போனை அண்ணன் வைத்திருப்பான். மாதக்கணக்கில் மிஸ்டு கால் வராது. தேடிக்கொண்டு நீங்கள் கூப்பிடாதீர்கள், தோழி மூலம் விசாரிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் கம்பெனி அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஒரு வருடம் கழித்து அவள் கூப்பிடும்போது முன்பின் தெரியாத ஆண் குரல் எடுக்கும். வேலையை நிறுத்தப் போகிறீர்கள் என்றாலும் அந்த எண்ணை இன்னொரு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்துவைத்த பிறகு நிறுத்துங்கள்.